லண்டன் கரடிச் சந்தையில் ஒரு தையல்காரி

ஈஸ்ட்ஹாமில் சாரிச் சட்டை தைத்துப் பிழைக்கிறவளுக்குக் கரடிப் பொம்மைச் சந்தையில் என்ன வேலை என்று கேட்டால், துணி பார்க்கத்தான் என்று சொல்வேன். நல்ல மொஹேர் துணியைக் கையால் தடவிப் பார்த்து வாங்க லண்டனில் லேசில் கடை கிடைக்காது. அங்கோரா ஆட்டு மயிரை, பருத்தி அடித்துணியில் நிற்கிற மாதிரி நெய்த துணி அது. போனது துணிக்காக; ஆனால் அரைவாசி நேரம் மற்றவர்களுடைய தையலைப் பார்த்தே போய்விட்டது.

ஹக்லெட்ஸ் என்ற பெயரில் கென்சிங்டன் டவுன் ஹாலில் நடந்த விழா. குளிர்காலம் முடிகிற நேரம் ஒன்றும் செப்டெம்பரில் ஒன்றுமாக அப்போது வருடத்துக்கு இரண்டு வைத்தார்கள். நான் போனது குளிர்கால விழாவுக்கு, கோவிட்டுக்கு முந்திய காலத்தில். என்னிடம் தையல் பழக வருகிற பிள்ளைகள் அதைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதால் எழுதி வைக்கிறேன். வழி சுகம். ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டன் ஸ்டேஷனில் இறங்கி, கடைத்தெருவைக் கடந்து ஹோர்ன்டன் வீதியில் ஏறினால் நூலகத்துக்குப் பக்கத்தில் டவுன் ஹால்.

கதவு திறக்கும்போதே வரிசை நின்றது. சின்னப் பிள்ளைகள் குறைவு, ஐம்பது அறுபது வயதுக்காரர்தான் அதிகம். உள்ளே போனதும் ஓடாத குறையாகக் கலைந்தார்கள். எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று முதலே முடிவெடுத்து வந்திருக்கிறார்கள். ஒரேயொரு கரடிதான் இந்த மாதிரியில், இனிச் செய்யமாட்டேன் என்று ஒருவர் எழுதி வைத்தால் அதற்குப் போட்டி இருக்கத்தானே செய்யும்.

பழைய கரடிகள் விற்கிற மேசைகளை நான் கெதியாகக் கடந்துவிட்டேன். மயிர் கொட்டி, பாதம் ஒட்டுப்போட்ட கரடிக்குப் புதியதை விட விலை கூட. ஸ்டைஃப் என்ற ஜெர்மன் பொம்மைக் கம்பனி 1904இல் செய்த கரடி ஒன்று 1994இல் இதே கென்சிங்டன் பக்கம், கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,10,000 பவுணுக்குப் போயிருக்கிறது. அதை ஜப்பானில் ஒரு கரடி மியூசியத்துக்காக வாங்கினார்கள். காதில் பித்தான் இருக்கிறதா என்று எல்லோரும் குனிந்து பார்ப்பது அந்தக் கம்பனியின் அடையாளத்துக்காக.

ஸ்டைஃப் என்றதும் எல்லோரும் 1902இல் ரிச்சர்ட் ஸ்டைஃப் வடிவமைத்த கரடியைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் 'டெடி' என்ற பெயர் எப்படி வந்தது என்று, கட்டி வைத்த கரடியைச் சுட மறுத்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கதைக்குப் போவார்கள். எனக்குப் பிடித்தது ரிச்சர்டின் அத்தை மார்கரெட்தான். சின்ன வயதில் போலியோ வந்து கால் வழங்காமல் போய், வலக்கையும் பலமில்லாமல், ஜெர்மனியில் கீங்கன் என்ற ஊரில் தையல் தைத்தவர். இயந்திரத்தைத் திருப்பி வைத்து இடக்கையால் சக்கரம் சுற்றினாராம். 1880இல் ஊசி குத்தி வைக்க ஃபெல்ட் துணியில் யானை செய்தார். பிள்ளைகள் அதை விளையாடக் கேட்டார்கள். கம்பனி அங்கேதான் தொடங்குகிறது. நம்முடைய தொழில்காரி!

சரி, கையால் செய்கிறவர்களின் மேசைக்கு வருகிறேன். வேல்ஸிலிருந்து வந்த ஒரு அம்மா, விற்பனைக்கு நடுவிலும் ஒரு கரடித் தலையை மடியில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் தையல்காரி என்று சொன்னதும் தலையைக் கையில் தந்துவிட்டார். தேங்காய் மாதிரி இறுக்கம். கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து ஒரு தடியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டுமாம். தலை தளர்ந்தால் மூக்கு நிற்காது. முதலில் கறுப்புத் தலை குண்டூசிகளைக் கண் மாதிரிக் குத்தி, தள்ளி வைத்துப் பார்க்கிறார். இடம் பிடித்த பிறகுதான் கண்ணாடிக் கண். கண்ணின் பின்பக்கக் கம்பி வளையத்தில் தடித்த நூலைக் கோத்து, ஒரு சாண் ஊசியால் தலைக்குள்ளாலேயே விட்டுக் கழுத்துப் பக்கம் எடுத்து, இழுத்து முடிகிறார். இழுக்க இழுக்கக் கண் உள்ளே பதிந்து முகத்துக்கு ஒரு பார்வை வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே இழுவை இல்லாவிட்டால் கரடி முழிக்கும். அப்புறம் மூக்கு. முறுக்கின எம்பிராய்டரி நூலால் நெருக்கி நெருக்கி நிமிர்ந்த தையல், அதன் மேல் இன்னொரு அடுக்கு. ஒரு இழை விலகியது அவருக்குப் பிடிக்கவில்லை. என் கண் முன்னாலேயே பாதி மூக்கை அவிழ்த்தார்.

மேசையில் இருந்த முடிந்த கரடியின் முதுகைத் தடவி, கடைசியாக மூடின தையலைத் தேடினேன். அகப்படவில்லை. தையலுக்குள் மாட்டின மயிரை ஊசி நுனியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து விட்டிருக்கிறார். வெட்டும்போதும் அப்படித்தான், கத்தரிக்கோல் நுனியால் அடித்துணியை மட்டும் வெட்டுவார்கள், மயிரில் கை வைப்பதில்லை. கை, கால், தலை எல்லாம் ஹார்ட்போர்ட் வட்டும் கம்பிப் பின்னும் போட்டுப் பூட்டியவை. திருப்பினால் திருப்பின இடத்தில் நிற்கும்.

விலை 240 பவுண். கூட வந்த மச்சாள் என் காதுக்குள், "ஆருக்கு விசர், விக்கிறவைக்கோ வாங்கிறவைக்கோ?" என்றாள். நான் கணக்குப் பார்த்தேன். நல்ல மொஹேர் மீட்டர் 100 பவுணுக்கு மேல், கண்ணாடிக் கண், பூட்டுச் சாமான், இரண்டு மூன்று நாள் வேலை. அந்த அம்மாவுக்கு மணிக்கூலி என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் நான் நின்ற நேரத்தில் ஒருத்தரும் அவரிடம் பேரம் பேசவில்லை. உள்துணி வைத்த சட்டைக்கு 25 பவுண் சொன்னாலே "அக்கா, கொஞ்சம் குறையுங்கோ" கேட்டுப் பழகின காதுக்கு அது பெரிய அதிசயம்.

எல்லா மேசையும் இந்தத் தரம் இல்லை. சில கரடிகளுக்குத் தொப்பி, கண்ணாடி, லேஸ் சட்டை என்று மாட்டி முகத்து வேலையை மறைத்திருந்தார்கள். உடுப்பைத் தூக்கிப் பார்த்தால் தோளில் தையல் இழுபடுகிறது. நல்ல கரடிக்கு உடுப்பு தேவையில்லை என்பது என் கட்சி.

மினியேச்சர் மேசைகளை விடக்கூடாது. பெருவிரல் அளவுக் கரடிக்கும் ஐந்து பூட்டு. தைத்த துண்டை வெளிப்பக்கம் திருப்ப, டாக்டர்மார் பாவிக்கிற இடுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கண்ணாடி போட்டும் தையல் தெரியவில்லை. மேசையில் பூதக்கண்ணாடி இருந்தது, கேட்டால் தருவார்கள்.

துணி விஷயத்தில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு மேசையில், சொல்ல விருப்பமில்லை யாரென்று, தேன் நிறத்தில் கால் மீட்டர் கேட்டேன். சுருட்டிப் பையில் போட்டுத் தந்தார்கள். வீட்டில் விரித்தால் நேர்நூலுக்கு இல்லாமல் கோணலாக வெட்டியிருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு விரல் அளவு போய்விட்டது. மயிர் போகிற திசை பார்த்து ஒவ்வொரு துண்டையும் வைக்க வேண்டிய துணியில் இரண்டு விரல் என்பது ஒரு சோடிக் காது. வேறொரு மேசையில் ஜெர்மனியில் டூயிஸ்பர்க் ஊரில் ஷுல்டே ஆலை நெய்த துணி வைத்திருந்தார்கள். அடித்துணியின் நூலைப் பார்த்து நேராக வெட்டினார்கள், மயிர் எந்தப் பக்கம் என்று பின்னால் அம்புக்குறியும் போட்டுத் தந்தார்கள். அதனால் துணியை அங்கேயே விரித்துப் பாருங்கோ. வெட்கப்பட வேண்டாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் யோசித்துப் போங்கள். இந்தக் கரடிகள் பெரும்பாலும் சேகரிப்பவர்களுக்கு, விளையாட்டுப் பொருள் இல்லை என்று சீட்டு மாட்டியிருக்கும். கண்ணாடிக் கண் கழன்றால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. தூக்குமுன் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். விலை கூடின கரடிதான் வேண்டும் என்றால் காலையில் போங்கள். தையல் பழகிறவர்கள் பின்னேரம் போவது நல்லது. அந்த நேரம் கூட்டம் வடிந்து செய்கிறவர்கள் கதைக்க ஆயத்தமாக இருப்பார்கள், மிச்சத் துணித் துண்டுகளையும் விலை குறைத்துப் போடுவார்கள். விழா இப்போதும் நடக்கிறதா, எந்தத் தேதி, எந்த மண்டபம் என்று ரயில் ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.