டெல்லியில் கெஸ்ட் லெக்சரரா, தனியார் பல்கலைக்கழகமா?

டெல்லியில் முனிர்கா, மயூர் விஹார் பக்கம் இருக்கும் நம் தமிழ் ஆட்கள் பிஎச்.டி. முடிக்கிற சமயத்தில் அடிக்கடி கேட்பது இதுதான்: நிரந்தர வேலை கிடைக்கும்வரை டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரியில் கெஸ்ட்டாகப் போவதா, நொய்டா, சோனிபட் பக்கம் தனியாரில் சேர்வதா?

முதலில் பணம். கெஸ்ட்டுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-இல் வைத்த கணக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. அந்த உச்சத்தைத் தொடவே 33 வகுப்புக்கு மேல் எடுக்க வேண்டும். ஹோலி, தேர்வு, கோடை விடுமுறை என்று வந்துவிட்டால் வகுப்பும் இல்லை, காசும் இல்லை. அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700-இல் தொடங்குகிறது. தனியாரில் மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., பல இடங்களில் மருத்துவக் காப்பீடு. 2009 சட்டத் திருத்தத்தால் பணிக்கொடையும் ஆசிரியர்களுக்கு உண்டு.

அப்புறம் வேலை. தனியாரில் காலையில் வருகைப் பதிவுக்கு விரல் வைத்து உள்ளே போனால் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) கோப்பு, மாணவர் ஃபீட்பேக் மதிப்பெண், சீசனில் பெற்றோருக்கு போன் போட்டு அட்மிஷன் பிடிப்பது எல்லாம் உங்கள் தலையில்தான். யுஜிசி விதி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம்தான் வகுப்பு என்கிறது; அதைத் தாண்டியும் வாங்கும் இடங்கள் உண்டு. நாளைய பாடத்தைத் தயாரிக்க நேரம் எங்கே?

கெஸ்ட்டின் கஷ்டம் வேறு. ஸ்டாஃப் ரூமில் சொந்தமாக ஒரு நாற்காலி இருக்காது, இன்டர்னல் பேப்பரை லைப்ரரியில் உட்கார்ந்து திருத்துவார், சந்தேகம் கேட்க வரும் பிள்ளை கேன்டீனில் தேடும், அதற்குள் அவர் அடுத்த கல்லூரிக்கு மெட்ரோ ஏறியிருப்பார். இவரைப் பார்த்து ஈடுபாடு போதாது என்று சொல்வது பெரிய அநியாயம். உட்கார இடமும் அடுத்த செமஸ்டருக்கு உறுதியும் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

வீட்டு வாடகை, குழந்தை என்று பொறுப்பு உள்ளவர்களுக்குத் தனியார்தான் என்பேன். நெட் (ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) முடித்து, நிரந்தர இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர், வீட்டில் தாங்க ஆள் இருந்தால் மட்டும், ஒரு வருஷம் கெஸ்ட்டாக இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பழைய சர்வீஸைப் பதவி உயர்வுக்குச் சேர்க்க, அப்போது வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர ஆசிரியருடையதற்குக் குறையக்கூடாது என்று 2018 யுஜிசி விதி சொல்கிறது. 50,000 உச்சவரம்பில் அது நடக்காது. தனியாரில் சேர்கிறவர்களும் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சம்பளம் யுஜிசி ஸ்கேலா, வாரத்துக்கு எத்தனை வகுப்பு, அட்மிஷன் வேலை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.