காஸ்பி கேம்ப்கிரவுண்ட்: 25 அடிக்குள் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவுக்கு ஆர்வி (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வண்டி) எடுத்துக்கொண்டு போகிறவர்கள் முதலில் தேடுவது எல்க்மான்ட் கேம்ப்கிரவுண்ட், அடுத்தது கேட்ஸ் கோவ். பூங்காவின் வடகிழக்கு ஓரத்தில், டென்னசி பக்கம், 2,459 அடி உயரத்தில் இருக்கும் காஸ்பி பலர் கண்ணில் படுவதில்லை. 157 இடங்கள் இருந்தும் அமைதியாக இருப்பதற்கு முக்கியக் காரணம் ஒரு விதி: ஆர்வியின் நீளம் 25 அடிக்கு மேல் போகக்கூடாது. நாற்பதடி பஸ் மாதிரியான வண்டிகளும் அவற்றின் ஜெனரேட்டர் இரைச்சலும் இங்கே கிடையாது. கூடாரக்காரர்கள்தான் அதிகம்.

அந்த 25 அடியைக் கம்பெனி வைத்த மாடல் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ட்ரெய்லரில் பெயரில் உள்ள எண் பெரும்பாலும் பெட்டியின் நீளத்தைத்தான் குறிக்கும். கொக்கி மாட்டும் முன்கம்பி தனியாக 3, 4 அடி வரும். பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தால் அதுவும் கணக்கு. டேப்பைப் பிடித்து முனைக்கு முனை அளந்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

வழியில் ஒரு பொறி இருக்கிறது. நாக்ஸ்வில் பக்கமிருந்து வந்தால் ஐ-40-இல் 440-ஆம் எக்ஸிட். ஆஷ்வில் பக்கமிருந்து வந்தால் 443 வரை வந்து ஃபுட்ஹில்ஸ் பார்க்வேயில் ஏறுங்கள். ஜிபிஎஸ் குறுக்கு வழி என்று 451-இல் இறக்கி, டேவன்போர்ட் கேப் கணவாய் வழியாக ஏறச் சொல்லும். அந்தப் பக்கம் மண் சாலை. கணவாயைத் தாண்டி இறங்கும் டென்னசி 32-ஆம் சாலையோ வளைவுக்கு மேல் வளைவு. ட்ரெய்லரோடு அங்கே மாட்டினால் திருப்ப இடம் கிடைக்காது. மலைக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூக்கப் எதுவும் இல்லை: மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் கிடையாது. பொதுக் கழிப்பறையில் ஃப்ளஷ் உண்டு, குழாயில் பச்சைத் தண்ணீர் உண்டு, குளியலறை இல்லை. ஆகவே தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டே உள்ளே வர வேண்டும். நடுவில் தீர்ந்தால் பொதுக் குழாயில் பிடித்துச் சுமப்பதுதான் வழி. 20 லிட்டர் கேன் ஒன்றும் நீளமூக்குப் புனலும் போதும். சின்ன ஆர்வியில் 30 கேலன் கிரே டேங்க் (குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி) இருந்தால், நாலு பேர் தினமும் வண்டிக்குள்ளேயே குளித்தால் இரண்டாம் நாளே நிரம்பும். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றக்கூடாது. அரிசி களைந்த தண்ணீருக்கும் விதிவிலக்கு இல்லை. பிளாக் டேங்கை (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) மிச்சம் பிடிக்கப் பகலில் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். கழிவு இறக்கும் டம்ப் ஸ்டேஷன் காஸ்பியிலேயே இருப்பது பெரிய சௌகரியம். எல்க்மான்ட்டில் தங்கினால் அதற்காகவே சுகர்லேண்ட்ஸ் வரை ஓட்ட வேண்டும்.

அதிகம் பேர் தவறுவது பேட்டரியில். 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான், 50. அக்டோபர் இரவில் ஃபர்னஸ் (வண்டியைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர்) மின்விசிறி 7 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 28 போய்விடும். விளக்கு, பம்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் மிச்சத்தில். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் என்றால் விடிவதற்குள் பேட்டரி படுத்துவிடும். மின்னழுத்தம் குறைந்தால் விசிறி சுற்றும், ஆனால் காற்று போதாமல் உள்ளே இருக்கும் சுவிட்ச் மூடாது, பர்னர் பற்றாது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சிலிண்டரை மாற்றிப் பார்த்து வீணாவது இதனால்தான்.

மேலே மரக்கூரை அடர்த்தி என்பதால் கூரை மேல் உள்ள சோலார் பேனல் இங்கே பெயருக்குத்தான். ஜெனரேட்டருக்குக் காலை 8 முதல் இரவு 8 வரை அனுமதி. காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஓரளவு ஏறும்; ஆனால் ஈய பேட்டரி எண்பது சதவீதத்துக்கு மேல் மெல்லத்தான் குடிக்கும். இரண்டு இரவுக்கு மேல் தங்குவதானால் இரண்டாவது பேட்டரியோ லித்தியமோ தேவை. ஏசியை மறந்துவிடலாம். இந்த உயரத்தில் கோடையிலும் இரவு ஜன்னலைத் திறந்தால் போதும்.

இடங்கள் மலைச்சரிவில் இருப்பதால் மட்டம் பார்த்து நிறுத்துவதற்கே அரை மணி நேரம் ஆகலாம். சக்கரங்களுக்கு இடையே 6 அடி அகலம் என்றால், 1 டிகிரி சாய்வுக்கு ஒன்றேகால் அங்குல உயரம் கொடுக்க வேண்டும். லெவலிங் பிளாக் பத்தாவது வேண்டும், கூடவே சக்கரத்துக்கு அடைக்கட்டை. கேஸில் ஓடும் பழைய ஃப்ரிட்ஜ் இருந்தால் சாய்வை அலட்சியம் செய்யாதீர்கள். சாய்வில் அம்மோனியாக் கரைசல் குழாயில் தேங்கி, குளிர்ச்சி நின்றுபோகும்.

கருங்கரடிகள் உலவும் காடு இது. சாப்பாடு, கூலர், அடுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சட்டி எல்லாம் பயன்படுத்தாத நேரத்தில் பூட்டிய வண்டிக்குள் இருக்க வேண்டும். மேஜைமேல் மீன் குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டு நடக்கப் போவது அழைப்பிதழ் வைப்பதற்குச் சமம். விறகு வெளியிலிருந்து கொண்டுவந்தால் வெப்பம் ஏற்றிச் சான்றிட்ட கட்டுகள் மட்டுமே செல்லும். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடு வந்துவிடும் என்பதே காரணம். 2002-இல் பூங்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வெண்பஞ்சுப் பூச்சி ஹெம்லாக் மரங்களை எப்படி மொட்டையாக்கியது என்பதைப் பாதைகளில் நடந்தாலே பார்க்கலாம். காய்ந்து நிற்கும் மரத்தடியில் வண்டியையோ கூடாரத்தையோ வைக்காதீர்கள்.

காஸ்பிக்கு என் முழு மதிப்பெண் நடைபாதைகளால்தான். வண்டியை நகர்த்தாமலே ஹென் வாலோ அருவிக்குப் போய்வரலாம். இரு வழியும் சேர்த்து 4.4 மைல். மேலே இரண்டடி அகலத்தில் புறப்பட்டு, கீழே விசிறியாக விரியும் 90 அடி அருவி. கால் பலம் உள்ளவர்கள் லோ கேப் பாதையில் ஏறி மவுன்ட் கேமரர் உச்சியைப் பிடிக்கலாம். 1930-களில் கட்டிய எண்கோணக் கல் கண்காணிப்புக் கூடு அங்கே நிற்கிறது. ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள், ஏற்றம் கடுமை.

இரவுக்கு 30 டாலர். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் வேறெங்காவது 15 நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும்: நாளுக்கு 5, வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40 டாலர். உங்கள் கேம்ப் இடத்தில் நிற்கும் வண்டிக்கு அது தேவையில்லை. காட்லின்பர்க் 20 மைல். ரோரிங் ஃபோர்க் சாலையில் ஆர்விக்கு அனுமதி இல்லாததால், ஊர் சுற்ற நினைப்பவர்கள் தனியாக ஒரு காரும் கொண்டுவருவது நல்லது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். முன்பதிவு ஆறு மாதம் முன்பே திறக்கும். அக்டோபர் இலை நிறம் மாறும் வார இறுதிகள் வேகமாகப் போய்விடும். ஞாயிறு முதல் வியாழன் வரை பார்த்தால் கிடைக்கும்.