தட்டைப்புழு ஸ்லைடு தொகுப்பு: மாதிரிகளில் நேர்த்தி, கையேட்டில் பழமை

விலங்கியல் மாணவர்களுக்கெனத் தயாரிக்கப்பட்ட இந்த நிரந்தர ஸ்லைடு தொகுப்பில் தனித்து வாழும் பிளனேரியா, ஒட்டுண்ணிகளான ஈரல் புழு, சிஸ்டோசோமா (இரத்தப் புழு), பன்றி நாடாப்புழு ஆகிய தட்டைப்புழுக்களின் மாதிரிகளும் அவற்றை விளக்கும் கையேடு ஒன்றும் உள்ளன. மாதிரிகளுக்காகவே இதை வாங்கலாம். கையேட்டை அப்படியே நம்பிப் படிக்கக் கூடாது.

பிளனேரியாவின் முழு உடல் ஸ்லைடு மிகச் சிறப்பானது. தலையை நோக்கி ஒன்றும் வாலை நோக்கி இரண்டுமாகப் பிரியும் குடல், மேலும் மேலும் கிளைத்து உடலின் ஓரம் வரை செல்வது அடர்ந்த சாயத்தில் துல்லியமாகத் தெரிகிறது. இரத்த ஓட்ட மண்டலமே இல்லாத இவ்விலங்கில் உணவைத் திசுக்களுக்குக் கொண்டு சேர்ப்பது இந்தக் குடல்தான் என்பதையும், உடல் தட்டையாக இருப்பதால்தான் ஆக்சிஜன் ஊடுபரவி எல்லாச் செல்களையும் எட்டுகிறது என்பதையும் இந்த ஒரு ஸ்லைடைக் காட்டியே விளக்கிவிடலாம். குறுக்குவெட்டில், குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையே உடற்குழி இன்றிப் பாரன்கைமா என்ற இடைநிரப்புத் திசு நிறைந்திருப்பதும் தெளிவு. கழிவுநீக்க உறுப்பின் பகுதியான சுடர் செல்களையும் காணலாம் என்று கையேடு சொல்வது மட்டும் மிகை. அவற்றிலுள்ள குறுயிழைகளின் (நுண்ணிய மயிர் போன்ற இழைகளின்) துடிப்பைக் கொண்டே அவற்றை எளிதில் அடையாளம் காண முடியும் என்பதால், அதற்கு உயிருள்ள புழுதான் வேண்டும்.

நாடாப்புழுவின் தலைப்பகுதியில் நான்கு உறிஞ்சிகளும், நுண் குவியத் திருகை மெல்லத் திருப்பினால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவுறும் இரு வரிசைக் கொக்கிகளும் சிதையாமல் உள்ளன. முதிர்ந்த கண்டத்தின் கருப்பையில் பக்கத்துக்கு 7 முதல் 13 வரையான கிளைகளை எண்ணிவிட முடிகிறது. கொக்கிகள் இல்லாததும் இன்னும் அதிகக் கருப்பைக் கிளைகள் கொண்டதுமான மாட்டு நாடாப்புழுவையும் சேர்த்திருந்தால் ஒப்பீடு முழுமை பெற்றிருக்கும். ஆண் சிஸ்டோசோமாவின் உடல் மடிப்புக்குள் பெண் புழு அடங்கியிருக்கும் ஸ்லைடும் நன்று. பெரும்பாலும் இருபாலிகளான தட்டைப்புழுக்களில் ஆண், பெண் எனப் பிரிந்த இந்த விதிவிலக்கை மாணவர்கள் நேரில் காண்பது அவசியம்.

கையேட்டின் வகைப்பாட்டுப் பகுதி ஏமாற்றம் அளிக்கிறது. டர்பெல்லேரியா (பெரும்பாலும் தனித்து வாழும் புழுக்கள்), டிரெமடோடா (ஈரல் புழு போன்றவை), செஸ்டோடா (நாடாப்புழுக்கள்) என்ற பழைய மூன்று வகுப்புகளையே அது சமநிலையில் நிறுத்துகிறது. டிரெமடோடா, செஸ்டோடா உள்ளிட்ட முக்கிய ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்கள், தனித்து வாழும் புழுக்களின் கிளைகளுக்கு உள்ளிருந்தே தோன்றி, குறுயிழைகள் கொண்ட மேல்தோலை உதிர்த்துவிட்டு, செல் எல்லைகளற்ற புதிய உறையைப் பெற்ற நியோடெர்மேட்டா என்ற ஒரே குழு என்பதால், டர்பெல்லேரியா, ஒரு மூதாதையின் எல்லா வழித்தோன்றல்களையும் கொண்ட இயற்கையான குழுவாக நிலைப்பதில்லை. தட்டைப்புழுத் தொகுதியின் முதன்மைப் பிரிவுகளாக இன்று கொள்ளப்படுபவை கேட்டெனுலிடாவும் ராப்டிடோஃபோராவுமே. அதைவிடப் பெரிய குறை, ஏசீலா எனப்படும், குடற்குழி இல்லாத சிறு கடல் புழுக்களை இன்னும் தட்டைப்புழுக்களாகவே காட்டுவது. அவை இத்தொகுதியைச் சேர்ந்தவை அல்ல என்பதை 1999இல் வெளியான 18எஸ் ரைபோசோம் மரபணு ஆய்வே எடுத்துக்காட்டியது. இப்போது அவை சீனோடர்பெல்லா என்ற கடல் புழுவுடன் சீனஏசீலோமார்ஃபா என்ற தனித் தொகுதியில் வைக்கப்படுகின்றன. ஆய்வகத்துக்கு இத்தொகுப்பை வாங்கும் ஆசிரியர்கள் இப்பக்கங்களைத் திருத்திய பிறகே கையேட்டை மாணவர்களிடம் தர வேண்டும்.