பிர்னோ மாடல் 2: ஏற்காட்டுப் பனியில் ஒரு பழைய பாயிண்ட் டூ டூ

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க, இனிமே நீங்களே வெச்சுக்கங்க" என்று நண்பர் தன் பழைய பிர்னோ மாடல் 2 ரைஃபிளை நீட்டினால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பின்பக்கத் தண்டு) கழற்றிக் குழலைப் பாருங்கள். குழல் நன்றாக இருந்தால் பேரன் காலம்வரை ஓடும். கெட்டிருந்தால் சுவரில் மாட்டத்தான் ஆகும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரத்தில் 1950களிலிருந்து தயாரான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இது. பாயிண்ட் 22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா, கழற்றி மாட்டும் 5 தோட்டா மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), 25 முதல் 200 மீட்டர்வரை நகர்த்தி வைக்கும், குறி பார்ப்பதற்கான பின்பக்க சைட், மேலே டெலஸ்கோப் மாட்ட 11 மி.மீ. பள்ளம். பின்னாளில் வந்த சி.இசட். 452 இதன் நேர் வாரிசு. 1980களில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால், இன்று நம் ஊரில் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முன் வந்து கைமாறிக் கைமாறி நிற்பவை. எந்த ஆண்டு செய்தது என்று தெரிய, உலோகத்தில் சிங்க முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்க எண்ணைத் தேடுங்கள். குழலைச் சோதித்து முத்திரையிட்ட வருஷம் அது.

குழலைப் பார்க்கும் முறைக்கு வருவோம். முதலில் மேகசினை எடுத்துவிட வேண்டும், அதன் பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், திரும்ப மூடும்போது போல்ட் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, சுண்டுவிரல் நுனியையும் விட்டுப் பாருங்கள். பிறகு ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே போல்ட்டைப் பின்னால் இழுத்தால் முழுதாக வெளியே வந்துவிடும். இப்போது குழலின் பின்பக்கம் கண்ணை வைத்து, முன்பக்கத்தை வெளிச்சமான வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடியுங்கள். குழலுக்குள் இருக்கும் சுருள் கோடுகள் கூர்மையாக, கண்ணாடிபோல் சுழன்று போகவேண்டும். நடுவில் வளையம்போல் நிழல் தெரிந்தால், அடைப்பு இருந்தபோது யாரோ சுட்டுக் குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். அதை வாங்க வேண்டாம். கறுப்புப் புள்ளிகள் சொத்தைப் பல்போல் ஆழமாக இருந்தால் துரு தின்றிருக்கிறது. மேலோட்டமான புள்ளி என்றால் பயமில்லை. குழல் வாயின் விளிம்பைச் சுற்றிக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் தடவுங்கள். பஞ்சு இழை எங்கேனும் மாட்டினால் விளிம்பு அடிபட்டிருக்கிறது, குறி சிதறும்.

இந்த 22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை விளிம்புக்குள் இருக்கிறது. போல்ட்டுக்குள் இருக்கும் ஃபயரிங் பின் என்ற ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் விசையை அழுத்தி அழுத்தி விளையாடினால் சில ரைஃபிள்களில் ஃபயரிங் பின் நேராக சேம்பர் வாயோரத்தில் விழும். அங்கே ஒரு சிறு பள்ளமும் உள்பக்கம் ஒரு பிசிறும் உண்டாகும். அதன் பிறகு தோட்டா இறுக்கமாகப் போகும், சுட்டபின் மிஞ்சும் காலிக் கூடு வெளியே வர மறுக்கும். பழசை வாங்குகிறவர் இந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தே ஆகவேண்டும். வெறும் விசை பழக்கத்துக்கு, சுவரில் திருகாணி அடிக்க ஹார்ட்வேர் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பிளக்கில் 22 சேம்பருக்கு ஒத்த அளவு ஒன்றைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து தடவைக்கு ஒன்று மாற்றினால் போதும்.

சேஃப்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேறு ரைஃபிள் பழகியவருக்கு இது தலைகீழ். லீவரை முன்னே தள்ளினால் பூட்டு, பின்னே இழுத்தால் சுடத் தயார். புதிதாகக் கையில் எடுப்பவர் காலித் துப்பாக்கியில் பத்து முறையாவது பழகிவிட்டுத்தான் தோட்டாவைத் தொடவேண்டும்.

இனி எண்ணெய் விஷயம். இந்த வகை ரைஃபிளைக் கெடுப்பது சுடுவதல்ல, தப்பான பராமரிப்புதான். ஈயத் தோட்டா குழலை அவ்வளவு எளிதில் தேய்க்காது. ஆனால் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மார்கழிக் காலையில் போல்ட்டுக்குள் அது நெய்யாக உறைந்து நிற்கும். ஃபயரிங் பின் மெதுவாக நகர்ந்து, விளிம்பில் லேசாகத்தான் தட்டும், தோட்டா வெடிக்காது. ஸ்ப்ரிங் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். ஸ்ப்ரிங்கில் குறை ஒன்றும் இருக்காது. உறையாவிட்டாலும் அந்த எண்ணெய் மாதக்கணக்கில் காற்றுப்பட்டுப் பிசுபிசுத்துப் போகும்.

இப்படி ஆன போல்ட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. முழுதாக மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்துங்கள். போல்ட் முகத்தில் இரண்டு பக்கமும் கூட்டைப் பிடிக்கும் கொக்கிகள் இருக்கும். அதற்கடியில் மெழுகும் கரியும் சேர்ந்து கெட்டியாகும். பல் குத்தும் குச்சியால் அதைச் சுரண்டி எடுங்கள். கூடு வெளியே வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இந்த அழுக்கே. உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, அதையும் துணியால் துடைத்துவிட வேண்டும். போல்ட்டுக்குள் எண்ணெய் வழிந்தால் அது தோட்டா விளிம்புவரை போய்ச் சேரும்.

குழலுக்குப் பின்பக்கத்திலிருந்துதான் துடைக்கும் குச்சி விடவேண்டும். முன்பக்கத்திலிருந்து விட்டால் விளிம்பு கோழிமுட்டை வடிவமாகத் தேயும், குறியும் அதோடு போகும். பிளாஸ்டிக் பூசிய ஒரே துண்டான குச்சி நல்லது. மூன்று துண்டாகத் திருகும் அலுமினியக் குச்சி மணலைப் பிடித்துக்கொண்டு உள்ளே உரசும். துடைக்கும் துணிக்குக் கடைக்குப் போக வேண்டாம். பலமுறை துவைத்துக் கிழிந்த காட்டன் வேட்டியை இரண்டரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள், பஞ்சு உதிராது. சால்வன்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) நனைத்த துணி இரண்டு, பத்து நிமிடம் ஊற விடுங்கள், பிறகு காய்ந்த துணி வெள்ளையாக வரும்வரை. வெண்கல பிரஷ் 200, 300 தோட்டாவுக்கு ஒரு முறை, ஐந்தாறு இழுப்பு போதும். ஸ்டீல் பிரஷ் கூடாது. வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியில் வருவது ஈயம்.

இங்கே ஒரு முரண்பாடு. மற்ற ஊர்களில் 22 குழலை அடிக்கடி தேய்க்கக் கூடாது என்பார்கள், தோட்டா மெழுகு படிந்த குழல்தான் ஒரே இடத்தில் குறி விழச் செய்யும். ஏற்காட்டு மழையில் அந்தச் சொகுசு கிடையாது. சுட்ட அன்றே எண்ணெய்த் துணி ஒன்று விட்டே ஆகவேண்டும். அடுத்த முறை சுடுமுன் காய்ந்த துணியால் எண்ணெயை எடுத்துவிட்டு, முதல் ஐந்து தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேலத்துக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் புதுமை இல்லை, உருக்காலையே நம் ஊரில் இருக்கிறது. ஆனால் பிர்னோ குழல் எவர்சில்வர் கிடையாது. நீலக் கறுப்பு பூசிய சாதாரண எஃகு, வியர்வைக் கைரேகை பட்டால் மறுநாளே செம்பழுப்பாகும். மலையில் குளிர்ந்த ரைஃபிளைக் காரில் 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி, புழுக்கமான சேலத்தில் பையைத் திறந்தால் ஐஸ் தண்ணி டம்ளர் வியர்ப்பதுபோல் உலோகம் வியர்க்கும். பையை மூடியபடியே இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். பையில் வைத்தே பூட்டி வைக்கவும் கூடாது. தோல் உறையும் ஸ்பாஞ்ச் பெட்டியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு, துணி எதுவும் தொடாதபடி எரிந்தால் உள்ளே ஈரம் நிற்காது. எல்.இ.டி. போட்டுவிட்டு ஏமாறாதீர்கள், அதில் போதிய சூடு வராது. குழல் வாயைக் கீழ்ப்பக்கமாக, ரப்பர் மேட்டில் நிறுத்துங்கள். மேல்பார்த்து நிறுத்தினால் எண்ணெய் மெல்ல வழிந்து கைப்பிடிக் கட்டையை ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். போல்ட் வேறு பூட்டில் இருக்கட்டும்.

கட்டைக்கு ஆளி விதை எண்ணெய், விரல் நுனியில் தொட்டு உள்ளங்கைச் சூடு வரத் தேய்த்தால் போதும், வருஷத்துக்கு இருமுறை. துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

மேகசின் உதடு (தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்பு) வளைந்தால் தோட்டா மூக்கு முட்டி நிற்கும். அதைப் பிளையரால் நிமிர்த்தப் போனால் பெரும்பாலும் கூடுதலாகவே கெடும். சி.இசட். 452 மேகசின் இதிலும் உட்காரும், கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள். தோட்டாவில் அதிவேகம் தேட வேண்டாம். நொடிக்கு 325 மீட்டர் அளவிலான ஸ்டாண்டர்டு வேகத் தோட்டாதான் இந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறது. வெடிக்காத தோட்டா வந்தால் குழலை இலக்கை நோக்கிப் பிடித்தபடியே 30 நொடி காத்திருந்துவிட்டு போல்ட்டைத் திறங்கள். 22 தோட்டா ஒன்றரை மைல்வரை போகும், பாறையில் பட்டால் திசை மாறும். கீழ்வளைவில் சாலை ஓடும் எஸ்டேட் சரிவில் டப்பா வைத்துச் சுடுவது பைத்தியக்காரத்தனம், ரைஃபிள் கிளப் ரேஞ்சுக்குப் போங்கள். காட்டெருமை தோட்டத்தில் நுழைந்தது என்று இதை எடுத்தால் 1972 வனவிலங்குச் சட்டம் காத்திருக்கிறது.

கைமாற்றுவதும் வாய்ப்பேச்சில் முடியாது. வாங்குபவரின் லைசென்ஸில் இந்த ஆயுதத்துக்கு இடம் இருக்கவேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. கொடுப்பவர், வாங்குபவர் பெயர் முகவரியோடு எழுத்தில் தகவல் கொடுத்து, 45 நாள் கழிந்த பிறகே ஆயுதம் கைமாறலாம். சேலம் மாநகரத்துக்குள் போலீஸ் கமிஷனர் அலுவலகம், ஏற்காடு உள்ளிட்ட மற்ற பகுதிக்குக் கலெக்டர் அலுவலகம். பழுது பார்ப்பதும் சட்டப்படி லைசென்ஸ் உள்ளவர் வேலை. எந்த பாகத்தையும் அச்சு மாறாமல் கடைந்து தரும் லேத் பட்டறைகள் சேலத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. ஃபயரிங் பின்னை அங்கே கொடுத்தால் உங்களோடு சேர்த்துப் பட்டறைக்காரரும் மாட்டுவார்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், மாதக்கணக்கில் அங்கே கிடக்கும். கொடுக்குமுன் குழல் உள்ளேயும் வெளியேயும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். சீரியல் எண்ணோடு ரசீது வாங்குங்கள், மேகசின் எத்தனை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே போல்ட்டை எடுத்துக் குழலைப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த கிரீஸை முழுக்கத் துடைத்தெடுக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.