டைமிங் பெல்ட் மாற்றியதாகப் பில் போட்டு, பாதியை மட்டும் மாற்றிய கதை

டைமிங் பெல்ட் என்பது என்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்குவதையும் வால்வு திறந்து மூடுவதையும் ஒரே தாளத்தில் வைக்கிற, பல் வைத்த ரப்பர் பட்டை; குறிப்பிட்ட தூரம் ஓடியதும் மாற்ற வேண்டும். டீசல் டஸ்டர், டெரானோ, அதே 1.5 என்ஜின் போட்ட சன்னி, மைக்ரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைப் பட்டறையில் விடுங்கள். போலோ, வென்டோ, ஃபிகோ டீசல்காரர்களுக்கும் பொருந்தும். ஸ்விஃப்ட் டீசல்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம், அந்த 1.3 என்ஜினில் பெல்ட் கிடையாது, செயின்தான். என் பங்காளி ஒருவர் ஸ்விஃப்ட் வைத்துக்கொண்டு, "இப்படி ஒரு செலவே எனக்கு வந்ததில்லையே, உன்னை எவனோ ஏமாத்தறான்" என்று ஆரம்பத்தில் சொன்னார். ஏமாற்றினார்கள் என்பது சரி, செலவே இல்லை என்பது தப்பு.

என்னுடையது 2014 டஸ்டர். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும், பெல்ட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கோவையில் கம்பெனி சர்வீஸில் கேட்டேன். எஸ்டிமேட் 31,000 ரூபாய். ஒரு ரப்பர் பெல்ட்டுக்கா என்று கேட்காதவர் இல்லை. ஆனால் பெல்ட்டின் விலை அதில் சின்னப் பங்குதான். வலது முன்சக்கரத்தைக் கழற்றி, என்ஜினை அடியில் ஜாக் வைத்துத் தாங்கி, அந்தப் பக்க மவுன்ட்டை எடுத்து, கிராங்க் புல்லியைக் கழற்றி, கவரைப் பிரித்தால்தான் பெல்ட்டே கண்ணில் படும். அப்புறம் கிராங்க்கும் (பிஸ்டன்களோடு சுற்றும் தண்டு) கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அசையாமல் இருக்க லாக்கிங் பின் போட வேண்டும். அந்தப் பின் செட் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. இல்லாதவர்கள் வொயிட்னரில் கோடு போட்டுக்கொண்டு ஒரு குத்துமதிப்பில் மாட்டுவார்கள். அதிலும் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் என் வண்டியை அப்படி விட எனக்கு மனம் வராது.

இந்த என்ஜினில் கேம், டீசலை அழுத்தி அனுப்பும் ஹை பிரஷர் பம்ப், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை ஓடவைக்கும் வாட்டர் பம்ப் மூன்றையும் அந்த ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. அதனால் பெல்ட் மாற்றும்போதே, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்கிறார்கள். இதை விற்பனைத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். பழைய பம்ப் ஆறு மாதம் கழித்து ஒழுகினால் மறுபடி மவுன்ட்டிலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

சரி, 31,000 அதிகம் என்று தோன்றியதால் கோவையிலேயே பல கம்பெனி வண்டிகளும் பார்க்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். நான்கு லிஃப்ட், ஏசி போட்ட வரவேற்பறை, எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. முழுக் கிட் (பெல்ட்டும் டென்ஷனரும்), வாட்டர் பம்ப், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 19,500 என்றார் ஓனர். பில்லில் கிட்டும் பம்பும் 11,800, கூலி 6,000, கூலன்ட்டும் மற்றதும் 1,700. பழைய பாகங்களைக் கேட்டேன். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்துவிட்டார்கள். விலை குறைவாக இருந்ததில் எனக்குச் சந்தேகம் வரவில்லை, வரவும் தேவையில்லை. வெளிப் பட்டறைகளில் கூலி குறைவு, வெளிச் சந்தைப் பாகமும் மலிவு. கிட் நல்ல கம்பெனியாக இருந்து, வேலையும் ஒழுங்காக நடந்தால் அந்தத் தொகைக்குச் செய்ய முடியும்.

சில மாதம் கழித்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் வலது பக்கத்திலிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம். கூலன்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கொண்டுபோய்க் காட்டினேன். "ஏனுங்ணா, பம்பு இப்பத்தானுங்க மாத்துனோம். இது வெளி பெல்ட்டு சத்தமுங்ணா, டீசல் வண்டின்னா இருக்கத்தான் செய்யும்" என்று கூலன்ட்டை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். கவரைத் தொடவே இல்லை.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் வரும்போது, ஊதியூர் தாண்டி, எண்பதில் போய்க்கொண்டிருந்த வண்டி சட்டென்று ஆஃப் ஆனது. ஸ்டியரிங் இறுகியது, பிரேக் பெடல் கட்டையானது. பின்னால் லாரி இல்லாததால் ஓரம் கட்ட முடிந்தது. அம்மா பின்சீட்டில் இருந்தார். செல்ஃப் அடித்துப் பார்த்தால் என்ஜின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றியது. இந்த அடையாளம் தெரிந்திருக்கட்டும்: டீசல் என்ஜின் அப்படி எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது, போய்விட்டது என்று அர்த்தம். திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்காதீர்கள், சேதம்தான் கூடும்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றித் தாராபுரத்தில் எங்களுக்குப் பழக்கமான ஒரு மேஸ்திரியிடம் போட்டோம். அவர் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏந்தம்பி, இதையா புதுசுன்னு சொன்னீங்க?" பெல்ட் மட்டும் புதிது. டென்ஷனரும் வாட்டர் பம்பும் வண்டியோடு வந்தவை, கம்பெனி முத்திரையும் ஆண்டும் அதிலேயே இருந்தன. பம்ப் பேரிங் இறுகி, கூலன்ட் ஒழுகிப் பெல்ட்டை நனைத்து, பற்கள் வரிசையாக உரிந்து கிடந்தன. டிக்கியிலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தோம். "பழைய பம்ப்" என்று எனக்குக் கொடுத்தது இந்த என்ஜினுக்கே சேராதது, போல்ட் ஓட்டைகள்கூட ஒத்துப்போகவில்லை. வேறு ஏதோ வண்டியில் கழற்றிய குப்பையை எனக்கு ஆதாரமாகக் கொடுத்திருக்கிறார்கள்! இதை மறதி, கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது?

டீசல் என்ஜினில் மேலே வந்த பிஸ்டனுக்கும், வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. பெல்ட் போனால் கேம் நின்றுவிடும், திறந்தபடி நின்ற வால்வில் பிஸ்டன் வந்து இடிக்கும். ஹெட்டை இறக்கினோம். எட்டு வால்வையும் மாற்ற வேண்டியதாயிற்று. கோவைக்கு லேத்துக்கு அனுப்பி, கைடு மாற்றி, சீட்டு கட்டிங் போட்டு, புது கேஸ்கட், புது ஹெட் போல்ட், இந்த முறை நிஜமான முழுக் கிட். ரெக்கவரியும் சேர்த்து 84,000 தாண்டியது. பாகம் வர வேறு காத்திருக்க வேண்டியிருந்தது. டஸ்டர் டீசலை நம் நாட்டில் 2020ல் நிறுத்திவிட்டார்கள், எல்லாக் கடையிலும் ஸ்டாக் இருப்பதில்லை.

கோவை ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோது, "வெளியில பிரிச்சுட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்லைங்க" என்றார்கள். பிரிக்கும் முன்பே மேஸ்திரி வீடியோ எடுக்கச் சொன்னது இந்த இடத்தில்தான் உதவியது. கவர் கழற்றுவதிலிருந்து டென்ஷனர் முத்திரை தெரிவது வரை ஒரே ஓட்டமாக எடுத்தது இருக்கிறது.

மூடிய கவருக்குள் நடக்கிற வேலை என்பதால்தான் இதில் ஏமாற்றுவது இவ்வளவு சுலபம். எண்ணெய் மாற்றினால் கம்பியை இழுத்துப் பார்க்கலாம், டயர் மாற்றினால் கண்ணுக்குத் தெரியும். இது ஓடும்வரை ஓடும். கவர் மூடும் முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், முடியாவிட்டால் மாட்டிய நிலையில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, லாக்கிங் பின் மறுபடி அதன் ஓட்டையில் உட்காருகிறதா என்று அவர்கள் பார்க்கும்போது பக்கத்தில் இருங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். பில்லில் "டைமிங் கிட்" என்று ஒரே வரி போதாது, பெல்ட், டென்ஷனர், பம்ப் தனித்தனியாக, பார்ட் நம்பரோடு வேண்டும்.

பழைய டீசல் இன்னோவா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் டைமிங் பெல்ட்டுக்கு மீட்டரிலேயே ஒரு விளக்கு எரியும். பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை அணைத்துவிட முடியும். விளக்கு எரியவில்லை என்பதை நம்பி விலை பேசாதீர்கள்.

கோவை ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் அனுப்பினேன், பதில் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், அதற்கும் மழுப்பல்தான். பிறகு திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த் தரப்பு பதில் கொடுக்க 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். அந்த அவகாசம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.