எச்டி டிவி: கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பி வாங்காதீர்கள்

டிவி பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பவை 4கே, எச்டிஆர், நூறு கோடி வண்ணங்கள், மோஷன் ரேட் 240. ஆனால் படம் நன்றாக இருப்பதும் சொதப்புவதும் வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: கறுப்பு எந்த அளவுக்குக் கறுப்பாகத் தெரிகிறது, திரை எவ்வளவு பிரகாசமாக எரிகிறது. இந்த இரண்டையும் பல கம்பெனிகள் விவரத்தாளில் சொல்வதே கிடையாது.

முதலில் 4கே. ஃபுல் எச்டி என்றால் 1920 x 1080 புள்ளிகள். 4கே என்றால் 3840 x 2160, அதாவது நான்கு மடங்கு. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஐந்தரை, ஆறடி தாண்டி உட்கார்ந்தால் சாதாரணக் கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது. பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த அளவில் 4கேயால் பெரிய லாபமில்லை. 55 இன்ச்சுக்கு மேல் போனால் 4கே தேவை, கிடைப்பதும் அநேகமாக அதுதான். அதற்கும் மேலான 8கேயைத் தைரியமாகத் தள்ளுங்கள், அந்தத் தரத்தில் பார்க்கப் படங்களே அதிகம் இல்லை. 'எச்டி ரெடி' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 1366 x 768 திரை. 32 இன்ச்சுக்கு மேல் வேண்டாம்.

அளவுக்கு எளிய கணக்கு: திரையின் இன்ச்சை 1.5ஆல் பெருக்கினால் உட்கார வேண்டிய தூரம் இன்ச்சில் வரும். 55 இன்ச்சுக்கு ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. அதே 55 இன்ச் திரையின் அகலம் 122 செ.மீ., உயரம் 68 செ.மீ. பரப்பளவில் 43 இன்ச்சைவிட அறுபது சதவீதத்துக்கும் மேல் பெரியது. பலர் கோட்டைவிடும் இடம் டிவியின் கால்கள். சில மாடல்களில் அவை இரண்டு ஓரத்திலும் இருக்கும். மேஜையின் அகலம் போதாமல் போய்விடும். கால்களின் இடைவெளியைக் கேட்டு அளந்துகொள்ளுங்கள்.

இனி பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பலகை. காசு போட வேண்டிய இடம் இதுதான். சாதாரண எல்இடி டிவி என்பது எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு வைத்தது. அதில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை. ஐபிஎஸ் பேனலில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000:1தான். விளக்கை அணைத்துவிட்டு இருட்டான காட்சியைப் பார்த்தால் கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரியும். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது. விஏ பேனலில் 3000:1க்கு மேல் எதிர்பார்க்கலாம், கறுப்பு ஆழமாக வரும். ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் மங்கும். எல்லோரும் நேர் எதிரே உட்காரும் அறைக்கு விஏ, சுற்றி உட்காரும் கூடத்துக்கு ஐபிஎஸ். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று லட்சக்கணக்கில் போடும் எண் வெறும் விளம்பரம்.

கியூஎல்இடியும் எல்சிடிதான்; நிறம் கூடுதலாகத் தெரிய ஒரு படலம் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே. ஓஎல்இடி முற்றிலும் வேறு: ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும், அதனால் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. இரவில் படம் பார்ப்பவருக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு இது சரிவராது. அசையாத லோகோவும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதியக்கூடும். வெயில் விழும் அறைக்கு மினி எல்இடி பொருத்தம். அதில் பின்விளக்கு பல மண்டலங்களாகப் பிரிந்து தனித்தனியே மங்கும். மண்டலங்கள் குறைவாக இருந்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும்.

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் பட வகை. அதன் முத்திரை அநேகமாக எல்லா 4கே டிவியிலும் இருக்கிறது. 300 நிட்ஸ் (பிரகாசத்தை அளக்கும் அலகு) மட்டுமே உள்ள திரை அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. 600 நிட்ஸாவது வேண்டும், மண்டலவாரியாக மங்கும் வசதியும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத டிவியில் எச்டிஆரில் எந்த வகை, டால்பி விஷனா, எச்டிஆர்10 பிளஸ்ஸா என்று விவாதிப்பது வீண்.

'மோஷன் ரேட் 240' என்று போட்டிருந்தாலும் உண்மையான பேனல் 60 ஹெர்ட்ஸாக, அதாவது நொடிக்கு 60 முறை மட்டும் படத்தைப் புதுப்பிப்பதாக இருக்கலாம். 'நேட்டிவ்' ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று கேளுங்கள். கேம் ஆடாதவருக்கு 60 போதும். ஆடுபவர் கேபிள் மாட்டும் போர்ட்டுக்குப் போட்டிருக்கும் 'எச்டிஎம்ஐ 2.1' என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தப் பெயர் இருந்தும் 4கே 120 ஹெர்ட்ஸ் வராத டிவிகள் உண்டு. எந்த போர்ட்டில் 4கே 120 வருகிறது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சவுண்ட்பார் மாட்டும் இஏஆர்சி போர்ட் ஒன்றுதான் இருக்கும். சில டிவிகளில் 120 ஹெர்ட்ஸ் தரும் இரண்டு போர்ட்டுகளில் அதுவும் ஒன்று. சவுண்ட்பாரை மாட்டியதும் மிச்சம் ஒன்றே ஒன்று.

கடையில் ஓடும் டெமோ வீடியோவில் பூவும் கிளியும்தான் வரும், கறுப்பே வராது. டிவியைக் கடைக்கான அமைப்பிலிருந்து 'ஹோம்' மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். பென்டிரைவில் மூன்று துண்டுகள் கொண்டுபோங்கள்: சப்டைட்டிலோடு ஓர் இரவுக் காட்சி, கேமரா திரும்பும் கால்பந்து மைதானம், தரம் குறைந்த பழைய வீடியோ ஒன்று. மைதானத்தின் பச்சையில் அழுக்குத் திட்டுகள் நகர்வது போலத் தெரிந்தால் அந்தப் பேனலில் வெளிச்சம் சீராக இல்லை. பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் ஏறும், ஆனால் அதைப் படிக்காத டிவியும் உண்டு. ஆகவே துண்டுகளைச் சிறிதாக வெட்டிக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று வையுங்கள். முதலில் மஞ்சளடித்தது போலத் தெரியும், கண் பழகிவிடும். டிவியே இடைக்காட்சிகளைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள்; சினிமாவை சீரியல் போலக் காட்டுவது அதுதான். செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல் மாட்டிய போர்ட்டில் எச்டிஎம்ஐ ஃபார்மேட்டை 'என்ஹான்ஸ்டு' என்று மாற்றாவிட்டால் பல டிவிகளில் 4கே எச்டிஆர் வரவே வராது. சுவரில் மாட்டும்போது கையேட்டில் சொன்ன நீளத்துக்கே ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். நீளம் கூடினால் உள்ளே போய் போர்டையோ பேனலையோ குத்திவிடும்.