பகா எண் வரிசை: வகுத்துப் பார்ப்பதா, சல்லடையா, துண்டுச் சல்லடையா?

1 கோடி வரையிலான பகா எண்கள் மொத்தம் 6,64,579. இவற்றை வரிசையாக எடுக்க எழுதப்படும் முதல் நிரல் பெரும்பாலும் வகுத்துப் பார்ப்பதாகத்தான் இருக்கும். ஒவ்வோர் எண்ணையும் அதன் வர்க்கமூலம் வரை மட்டும், அதுவும் ஏற்கெனவே கண்டுபிடித்த பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். இந்தச் சிக்கனத்துக்குப் பிறகும் 1 கோடியை ஒட்டிய ஒரு பகா எண்ணை உறுதிசெய்ய 446 வகுத்தல் தேவை. பகா எண்களுக்கு மட்டுமே கணக்குப் பார்த்தால் சுமார் 20 கோடி வகுத்தல். பிராசஸருக்கு வகுத்தல்தான் மிக மெதுவான அடிப்படைக் கணக்குகளில் ஒன்று.

எரட்டோஸ்தனீஸ் சல்லடையில் வகுத்தலே கிடையாது, எண்களை வரிசையாக வைத்து ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போவதுதான்; அடிபடாமல் மிஞ்சுபவை பகா எண்கள். ஒற்றை எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் அதே 1 கோடிக்கு 1 கோடிக்கும் குறைவான அடித்தல்களில் வேலை முடிந்துவிடும். எல்லை தெரிந்திருந்து, அது சில கோடிக்குள் இருந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒற்றை எண் சல்லடையில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. அரே எனும் பட்டியலில் இடத்தின் வரிசை எண்தான் இன்டெக்ஸ், அது 0-இல் தொடங்கும். இங்கே இன்டெக்ஸ் 4 என்பது 9-ஐக் குறிக்கும், 7 என்பது 15-ஐ. அதாவது இன்டெக்ஸை இரட்டித்து 1 கூட்டினால் எண். 3-இன் மடங்குகளை அடிக்கும்போது எண்ணில் 6 தாவ வேண்டும், இன்டெக்ஸிலோ 3 தாவினால் போதும். அங்கேயும் 6 தாவினால் 9, 21, 33 மட்டும் அடிபட்டு 15 பகா எண்ணாக வெளியே வரும். 10 லட்சம் வரை ஓட்டி எண்ணிக்கை 78,498 வருகிறதா என்று பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

இன்னொன்று: அடிப்பதை அந்தந்தப் பகா எண்ணின் வர்க்கத்திலிருந்து தொடங்குவது சரி, ஆனால் பகா எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும் வெளி லூப் எல்லையின் வர்க்கமூலத்தோடு நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் 46,341-இன் வர்க்கம் 32 பிட் முழு எண்ணில் அடங்காது. ஜாவாவில் அது குறை எண்ணாகி அரேயின் எல்லைக்கு வெளியே போய் நிரல் நிற்கும். சி-யில் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. பைத்தானில் இந்தத் தொல்லை கிடையாது, மடங்குகளை ஒவ்வொன்றாக அடிக்கும் உள் லூப்பின் மெதுவான ஓட்டம்தான் அங்கே எமன். பைட்அரேயில் ஸ்லைஸ் முறையில், அதாவது சம இடைவெளியில் உள்ள இடங்களுக்கெல்லாம் ஒரே கட்டளையில், மொத்தமாகப் பூஜ்யம் போட்டால் வேகம் பல மடங்கு கூடும். சாதாரண லிஸ்ட் என்றால் இடத்துக்கு 8 பைட், பைட்அரேக்கு 1.

எல்லை 100 கோடி என்றால் எண்ணுக்கு ஒரு பைட் வீதம் 1 ஜிபி. ஒற்றை எண்ணுக்கு ஒரு பிட் என்று சுருக்கினால் 62.5 எம்பி. நினைவகத்தில் இடம் போதும், ஆனால் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான உள் கேச் கொள்ளாது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் மொத்த அரேயையும் நடக்கும்போது பிராசஸர் காத்துக் கிடக்கும். துண்டுச் சல்லடை இங்கேதான் ஜெயிக்கிறது. 31,623 வரையுள்ள 3,401 பகா எண்களை முதலில் எடுத்துவிட்டு, கேச்சில் அடங்கும் 32 கேபி அளவுத் துண்டாகச் சலித்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு பகா எண்ணின் அடுத்த மடங்கையும் சேமித்து அடுத்த துண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் மடங்கு அந்த எண்ணின் வர்க்கத்துக்குக் குறையாதபடி பார்க்காவிட்டால், முதல் துண்டில் பகா எண்களே அடிபட்டுப்போகும். துண்டை மிகச் சிறிதாக வைத்தாலும் நஷ்டம்தான்: பெரிய பகா எண்கள் பல துண்டுகளில் ஓரிடத்தைக்கூட அடிக்காது, ஆனாலும் அவற்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

நேரியல் சல்லடை என்ற இன்னொரு வகை ஒவ்வொரு பகு எண்ணையும் ஒரே முறை அடிக்கும் என்பதால் தாளில் அழகு. பகா எண் வரிசை மட்டுமே வேண்டுமென்றால் நடைமுறையில் ஒற்றை எண்ணுக்கு ஒரு பிட் வைக்கும் சல்லடை அதை முந்திவிடும். ஒவ்வோர் எண்ணின் மிகச் சிறிய பகாக் காரணியும் தேவைப்படும்போது மட்டும் நேரியல் சல்லடையைத் தொடலாம்.

எல்லை தராமல் 'முதல் 10 லட்சம் பகா எண்கள்' என்று கேட்டால், எண்ணிக்கையை, அதன் இயல் மடக்கையோடு (ln) அந்த மடக்கையின் இயல் மடக்கையைக் கூட்டிவரும் தொகையால் பெருக்குங்கள். எண்ணிக்கை 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த மேல்வரம்பு பொய்க்காது. இங்கே 1,64,41,303 வரை சலித்தால் போதும். 10 லட்சமாவது பகா எண் 1,54,85,863.